மாத்திரை விற்று மாளிகை எழுப்பிய தாமஸ் ஹாலோவே

நோய்க்கு அரசன் என்றும் ஆண்டி என்றும் வேறுபாடு இல்லை. ஆனால் நோய் புகுந்த வீட்டில் செல்வன் செய்வது வேறு. வறியவன் செய்வது வேறு. செல்வன் வைத்தியருக்கு வண்டி அனுப்புகிறான். வறியவனோ முடிச்சிலுள்ள காசை எண்ணிப் பார்த்து, அந்தக் காசுக்கு எது கிடைக்குமோ அதனை வாங்கி வந்து, குணமாகும் என்று நம்பி உண்கிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாறு நம்பி வாங்கியோரின் சில்லறைக் காசைத் திரட்டி, இங்கிலாந்தின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராய் உயர்ந்தவர் தாமஸ் ஹாலோவே என்பவர். உயர்ந்தபின் அச்செல்வத்தின் பெரும்பகுதியை அறத்திற்கு ஈந்தவரும் அவரே.

இவர் சரித்திரத்தை நாம் எழுதப் புகுந்தது இவரை ஏசுவதற்கும் அன்று, ஏத்துவதற்கும் அன்று. மெய்யல்லாத சொல்லால் வந்த பொருள் நல்ல அறத்தில் சென்று முடிந்தால், அந்தப் பொய் கழிந்துபோகிறதா, அன்றி நிற்கிறதா என்பது ஒரு வினா. அவ்வினாவிற்கு விடை தேட இவர் வாழ்க்கையைப் போல் உதவும் வாழ்க்கை வேறொன்று கிடைப்பது அரிது.

அந்நாளைய நிலைமை

ஹாலோவே வாழ்ந்த காலத்தை அறியாமல் அவரை அறிதல் இயலாது. விக்டோரியா மகாராணியார் 1837 முதல் 1901 வரை ஆட்சி புரிந்தார். அவ்வாட்சியில் நீராவி எந்திரங்களும் நூலாலைகளும் இருப்புப் பாதைகளும் பெருகின. கிராமத்து மக்கள் நகரங்களில் வந்து குவிந்தனர். குடிநீரும் கழிவுநீரும் ஒன்றாய்க் கலந்து ஓடிய தெருக்களில் காய்ச்சலும் கழிச்சலும் காசநோயும் குடியிருந்தன. 1831-32, 1848-49, 1853-54 ஆகிய ஆண்டுகளில் காலரா வந்து பல்லாயிரவரைக் கொண்டுபோயிற்று.

நோய் எதனால் வருகிறது என்பதை அக்காலத்து வைத்தியர்களே தெளிவாக அறிந்திலர். காலரா தண்ணீரின் வழியே பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்னும் வைத்தியர் 1854-இல் லண்டன் நகரத்து நீர்க்குழாய் ஒன்றைக் கொண்டு எடுத்துக் காட்டினார். அதனைப் பலர் ஏற்கவில்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தது 1882-இல்தான். அதுவரையில் படித்த வைத்தியர்களும் நோயாளியின் உடம்பிலிருந்து இரத்தத்தை வாங்கினர், அட்டைகளை விட்டனர், பாதரசம் சேர்ந்த சரக்குகளைக் கொடுத்துப் பேதியாக்கினர். பெயர் பெற்ற வைத்தியர் ஒருமுறை பார்ப்பதற்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், கூலி வாங்குவது வழக்கம். அவ்வளவும் கொடுத்துத் துன்பத்தையும் வாங்கிக்கொள்வானேன் என்று எளியோர் எண்ணியதில் வியப்பில்லை.

ஆகவே முதலில் கைகொடுத்தது வீட்டு வைத்தியம். நெஞ்சுச் சளிக்கு வாத்துக் கொழுப்பைத் தடவினர். வலித்த இடத்தில் கடுகரைத்துப் பற்றுப் போட்டனர். கட்டி பழுக்க ஆளிவிதையையோ ரொட்டியையோ வெந்நீரில் குழைத்து வைத்துக் கட்டினர். பிள்ளைகளுக்குக் கந்தகத்தைச் சர்க்கரைப் பாகில் குழைத்து ஊட்டினர். பீட்டன் அம்மையார் 1861-இல் நூலாக வெளியிட்ட இல்லற நிர்வாகப் புத்தகத்தில் சமையலோடு வைத்தியத்திற்கும் இடம் கொடுத்திருந்தார் என்பதிலிருந்து, அந்நாளில் அடுக்களையும் மருந்தறையும் ஒன்றாகவே இருந்தன என்பது விளங்கும்.

வீட்டு வைத்தியத்தில் தீராதபோது மக்கள் நாடியது கடையில் விற்ற ‘பேட்டண்ட்’ மருந்துகளை. இப்பெயர் பெரும்பாலும் பொருந்தாப் பெயரே. காப்புரிமை பெற வேண்டுமாயின் மருந்தில் என்ன இருக்கிறது என்பதை வெளியிட்டாக வேண்டும். விற்றவர்களோ அதனை மறைத்தே வாழ்ந்தவர்கள். ஆகையால் அவற்றுள் மிகப் பலவற்றிற்குக் காப்புரிமை இல்லை. இரகசியம் ஒன்றே இருந்தது.

அவ்விரகசியத்துள் சில கொடியவை. ஆலைக்கு வேலைக்குச் சென்ற தாய்மார்கள் குழந்தை அழாமல் உறங்கும்பொருட்டு ‘காட்ஃப்ரே கார்டியல்’ என்ற இனிப்புத் திராவகத்தை வாங்கி ஊட்டச் செய்தனர். அதில் அபினி இருந்தது. உறங்கிய குழந்தை பால் குடிக்க விழிக்கவில்லை, நாளடைவில் மெலிந்தது, ஒருநாள் எழவேயில்லை. அபினியை விற்பதற்கு வரம்பு கட்டி 1868-இல் ஒரு சட்டம் வந்தது. அச்சட்டமும் ‘பேட்டண்ட்’ மருந்துகளை விலக்கி வைத்தது. ஏழைத் தாய் அறியாமல் ஊட்டிய நஞ்சிற்குச் சட்டமே வாயிற்கதவைத் திறந்து வைத்ததென்று சொல்லலாம்.

இத்தகைய சந்தையில்தான் ஹாலோவே கடை விரித்தார். அவருடைய சரக்கு அபினிச் சரக்கு அன்று என்பதை நீதியின்பொருட்டு முதலிலேயே சொல்லி வைக்கிறோம்.

பிறப்பும் இளமையும்

தாமஸ் ஹாலோவே 1800-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன்போர்ட் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். தந்தையார் ரொட்டி சுடும் தொழிலைச் செய்து, பின்னர்க் கார்ன்வால் நாட்டுப் பென்சான்ஸ் ஊரின் அருகே மதுவிடுதி நடத்தியவர். பெரிய பள்ளிகளிற் பயிலும் பேறு ஹாலோவேக்குக் கிட்டவில்லை. தந்தை காலமானபின் பென்சான்ஸ் சந்தையில் தாயாரும் தம்பி ஹென்றியும் தாமுமாக மளிகைக் கடையும் ரொட்டிக் கடையும் நடத்தினார்.

சிற்றூர்க் கடை அவருடைய ஆசைக்குப் போதவில்லை. 1828-ஐ ஒட்டி ஊரை விட்டுப் புறப்பட்டுப் பிரான்சு தேசத்தில் சில காலம் தங்கி, அந்நாட்டு மொழியைக் கற்றுக்கொண்டு லண்டனுக்கு வந்தார். வாணிக நிலையங்களில் மொழிபெயர்ப்பாளராக ஊழியம் செய்தபின், 1836-இல் வெளிநாட்டு வணிகர்களுக்குத் தரகராகத் தாமே தொழில் தொடங்கினார்.

அத்தரகுத் தொழிலில் அவரிடம் வந்தவர்களுள் ஒருவர் பெலிக்ஸ் அல்பினோலோ என்னும் இத்தாலியர். அட்டை விற்பவர்; புண்களுக்கான களிம்பு ஒன்றும் வைத்திருந்தார். லண்டன் மருத்துவமனையில் வைத்தியர்களின் நற்சான்று பெற்றுக் களிம்பைப் பரப்புவதற்கு ஹாலோவேயின் துணையை நாடினார். ஹாலோவேயும் அழைத்துச் சென்று அறிமுகம் செய்வித்தார். ஆனால் அந்த இத்தாலியரின் கைச்சரக்கில் எவ்வளவு பெரிய வாணிகம் அடங்கியிருக்கிறது என்பதை அவரைவிட இவர் நன்கு கண்டுகொண்டார். 1837 அக்டோபரில் ஹாலோவேயின் குடும்பக் களிம்பு என்று இவர் பெயராலேயே ஒரு விளம்பரம் வெளிவந்தது. விக்டோரியா மகாராணியார் அரியணை ஏறியதும் அதே ஆண்டில்தான். அல்பினோலோ தம் சரக்கையும் தமக்குக் கிடைத்த சான்றையும் பறிகொடுத்ததாகப் பத்திரிகைகளில் முறையிட்டார். கேட்பார் இல்லை. கடன்பட்டோர் சிறையை அடைந்த அவர், அதன்பின் உலகத்தார் கண்ணிலிருந்து மறைந்தார்.

ஹாலோவேயின் முதற் களிம்பு தாயாரின் அடுக்களையில் சட்டியில் காய்ச்சப்பட்டது என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். வைத்தியக் கல்வி அவருக்கு இல்லை. பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. ஆயினும் தம் பெயருக்கு முன்னே பேராசிரியர் என்று தாமே ஒரு பட்டத்தைச் சூட்டிக்கொண்டார்.

உழைப்பும் விளம்பரமும்

1839-இல் களிம்போடு மாத்திரையும் சேர்ந்தது. லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் 244-ஆம் எண் கட்டடத்தில் கடை அமைந்தது. விளம்பரத்திற்கு அளவின்றிச் செலவிட்டதால், பத்திரிகைக்காரர்களுக்குத் தரவேண்டிய கடனுக்காக இவரும் ஒயிட்கிராஸ் வீதிச் சிறையைக் காண நேர்ந்தது. கடன்காரர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு வெளிவந்தார். வேறொருவராயின் அத்துடன் விளம்பரத்தை வெறுத்திருப்பர். இவரோ முன்னிலும் மிகுதியாகச் செய்தார்.

1840-இல் ஜேன் டிரைவர் என்னும் நங்கையை மணந்தார். கணவனும் மனைவியும் விடியற்காலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை தம் கைகளாலேயே உழைத்தனர். இந்த உழைப்பில் பொய் இல்லை. தேம்ஸ் நதித் துறைகளுக்கு நாள்தோறும் நடந்து சென்று, புறப்படவிருக்கும் கப்பல்களின் தலைவர்களையும் பயணிகளையும் கண்டு தம் சரக்கை அறிமுகம் செய்தார். அக்கப்பல்கள் சென்ற இடமெல்லாம் ஹாலோவே மாத்திரையும் சென்றது. இந்தியாவிலும் சீனத்திலும் துருக்கியிலும் ஆஸ்திரேலியாவிலும் அது விலைபோயிற்று. உட்கொள்ளும் முறையை விளக்கும் தாள்களை இந்திய மொழிகள் பலவற்றிலும் அச்சிடச் செய்தார். 1857, 1858 ஆண்டுகளில் தம் உருவத்தைப் பொறித்த செப்பு வில்லைகளையும் வெளியிட்டார். சில்லறை நாணயம் போதாதிருந்த ஆஸ்திரேலியாவில் அவை காசாகவே கைமாறின. அரசர்க்கும் அரசிக்கும் உரிய இடமாகிய நாணயத்தின் முகத்தில் மாத்திரைக்காரர் வீற்றிருந்தார்.

விளம்பரத்திற்கென்று 1842-இல் அவர் செலவிட்டது 5,000 பவுன்; 1845-இல் 10,000; 1851-இல் 20,000; 1855-இல் 30,000. அவர் வாழ்நாள் முடிவில் அது ஆண்டுக்கு 50,000 பவுனை எட்டியது. பத்திரிகை விளம்பரத்தின் மீதிருந்த வரி 1853-இலும், பத்திரிகை முத்திரை வரி 1855-இலும் நீங்கவே, காசுக்குப் பத்திரிகை மலிந்தது. மலிந்த பத்திரிகையின் ஒவ்வொரு பக்கத்திலும் மருந்து விளம்பரம் மலிந்தது.

விலை நுட்பம் ஒன்றையும் இங்கே குறிக்க வேண்டும். சிறிய டப்பியின் விலை 1 ஷில்லிங் 1½ பென்னி. அந்த ஒன்றரைப் பென்னி அரசாங்கத்தின் மருந்து முத்திரை வரி. வரி கட்டியதற்கு அடையாளமாக அரசாங்க முத்திரைத் தாள் ஒன்று டப்பியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். எழுத்தறியாத ஏழை அதனை வரிச்சீட்டு என்று கொள்ளவில்லை. அரசாங்கமே சோதித்துப் பார்த்து நல்லதென்று முத்திரை குத்தியதாகக் கொண்டான். வரியாக அரசு வாங்கிய காசு விற்பவருக்கு நற்சான்றாக மாறியது.

தம்பி ஹென்றி இவையெல்லாம் கண்டு, தாமும் அதே குடும்பப் பெயரால், அதே போன்ற டப்பியில் மாத்திரையும் களிம்பும் விற்கத் தொடங்கினார். தமையன் நீதிமன்றம் சென்றார். 1850-இல் தீர்ப்பு தமையன் பக்கம் ஆயிற்று. ஒருவன் தன் பெயரால் தொழில் செய்யலாம். பிறன் சரக்கென்று மயங்கும்படி செய்தல் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். இவ்வழக்கு இன்றும் சட்ட மாணவர்களால் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அல்பினோலோ செய்த முறையீட்டை நினைவில் வைத்து இத்தீர்ப்பைப் படிப்போருக்கு வேறொரு பாடமும் புலப்படும்.

டப்பிக்குள் இருந்தது யாது?

ஹாலோவேயின் விளம்பரம் எண்ணிச் சொன்ன நோய்கள் நீண்ட பட்டியல். குளிர்காய்ச்சல், இரைப்பு, மஞ்சட்காமாலை, மகோதரம், கீல்வாதம், வலிப்பு, கல்லடைப்பு, கிருமி, சீதபேதி, கண்டமாலை, காசநோய் என அது சென்றது. களிம்புக்கோ ஆறாப் புண் முதல் புற்று வரையில் எல்லாமும் ஆறுமாம். பகுத்துப் பார்த்தவர்கள் மாத்திரையில் கண்டது கரியபோளமும் சுக்கும் போன்ற சில சரக்குகளை. களிம்பில் கண்டது கொழுப்பும் மெழுகும் எண்ணெயும் பிசினும். மாத்திரை மலத்தை இளக்கும். களிம்பு காய்ந்த தோலைப் பதப்படுத்தும். புண்ணில் அழுக்குப் படாமல் மூடி வைக்கும். அவ்வளவே.

அவ்வாறாயின் இலட்சக்கணக்கான மக்கள் ஏன் மீண்டும் மீண்டும் வாங்கினர்? இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. முதலாவது, நோய்களுள் பல தம் காலம் முடிந்ததும் தாமே நீங்கும் இயல்புடையன. நீங்கியபோது வாயில் எது இருந்ததோ அதற்குப் புகழ் சேர்ந்தது. இரண்டாவது, பேதியாக்கும் மருந்து தன் வேலையை உடனே உணர்த்தும். உள்ளே ஏதோ நடக்கிறது என்ற எண்ணமே பாதி ஆறுதல். மூன்றாவது, இரத்தத்தை வாங்கிப் பாதரசத்தை ஊட்டிய அந்நாளைய வைத்தியத்தை நோக்க, ஒன்றும் செய்யாத மருந்து நோயாளியை அவன் உடலின் போக்கில் விட்டது. அதுவே சிலருக்கு நன்மையாயிற்று. நான்காவது, நலம் பெற்றவன் நற்சான்று எழுதினான், அது அச்சேறியது. நலம் பெறாதவன் வாளாவிருந்தான். இறந்தவன் எழுதுவதில்லை. ஆகையால் பத்திரிகையில் படிப்பவனுக்குப் பிழைத்தவர்கள் மட்டுமே கண்ணிற் பட்டனர்.

தீங்கு எங்கே எனின், அது டப்பிக்குள் இருந்ததைவிட டப்பியின் மேல் அச்சிடப்பட்டதில் இருந்தது. மலச்சிக்கலுக்கு மாத்திரை என்று மட்டும் விற்றிருந்தால் ஹாலோவேயின் மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. காசநோய்க்கும் புற்றுக்கும் அதுவே மருந்து என்று சொன்னபோது, நோயாளியின் காசு மட்டுமன்றி அவனுடைய நாட்களும் பறிக்கப்பட்டன.

சிலர் கையில் இத்தகைய மாத்திரை உயிருக்கே உலையாயிற்று. ஹாலோவேக்கு முன்னோடியான ஜேம்ஸ் மாரிசன், எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை என்று சொல்லி, கடும் பேதிச் சரக்கைக் கைநிறைய உண்ணச் செய்தவர். அம்மாத்திரையை மிகுதியாகக் கொடுத்து ஒருவரை இறக்கச் செய்ததற்காக 1836-இல் லண்டன் நீதிமன்றத்தில் ஒரு விற்பனையாளர் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு 200 பவுன் தண்டம் செலுத்தினார். செலுத்திவிட்டுக் கடையும் நடந்தது.

நூலாலையில் உழைத்த நாட்களில் இதன் சாயலை நாமும் கண்ணாரக் கண்டதுண்டு. சம்பளம் கொடுக்கும் நாளில் ஆலை வாயிலில் ஒருவன் குடைக்கீழ் நின்று, புட்டிகளை வரிசையாய் அடுக்கி வைத்து, உரத்த குரலில் நோய்களின் பெயர்களை ஒப்பிப்பான். பஞ்சுத் தூசியை விழுங்கி இருமிய தொழிலாளர்கள் சூழ்ந்து நிற்பர். தம் நோயின் பெயர் அந்த வாயிலிருந்து வந்ததும் அவர்கள் முகத்தில் தோன்றும் ஒளி நம் நினைவை விட்டு நீங்கவில்லை. தமக்கு இன்ன துன்பம் என்று பிறர் ஒருவர் கூறக் கேட்டதே அவர்களுக்குப் பெரிது. தறிப் பிரிவில் நம்முடன் பணி செய்த ஒருவர் மாதந்தோறும் ஒரு புட்டி வாங்கினார். மூன்றாம் ஆண்டில் அரசாங்க மருத்துவமனைக்கு அவரைத் தூக்கிச் சென்றபோது, ஓராண்டு முன்னே வந்திருக்கலாகாதா என்றே அங்குள்ளவர்கள் கேட்டனர். ஹாலோவேயின் டப்பியை வாங்கிய லங்காஷயர் ஆலைத் தொழிலாளியை நாம் கண்டதில்லை. ஆயினும் அவரை அறியாதவர் அல்லோம்.

செல்வமும் கொடையும்

ஸ்ட்ராண்ட் வீதிக் கட்டடம் நீதிமன்றங்கள் கட்டுவதற்கென்று எடுக்கப்படவே, 1867-இல் ஹாலோவே நியூ ஆக்ஸ்போர்டு வீதிக்குப் பெயர்ந்தார். அங்கு சுமார் 100 பேர் அவரிடம் ஊழியம் செய்தனர். பெர்க்ஷயரில் டிட்டன்ஹர்ஸ்ட் என்னும் மாளிகையில் வாழ்ந்தார். மக்கட்பேறு இல்லை. இவ்வளவு செல்வத்தை என் செய்வது என்ற கவலை கணவன் மனைவி இருவரையும் பற்றியது.

மனநோயாளிகளுக்காக உழைத்து வந்த ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் பேச்சு அவர் உள்ளத்தை ஈர்த்தது. பரம ஏழைகளுக்குப் பொதுச்செலவில் மனநோய் இல்லங்கள் இருந்தன. பெருஞ்செல்வர்களுக்குத் தனி இல்லங்கள் இருந்தன. நடுத்தர மக்களுக்கு இரண்டும் இல்லை. அவர்களுக்கென்று சர்ரேயில் வெர்ஜீனியா வாட்டர் என்னுமிடத்தில் ஹாலோவே மனநல இல்லத்தைக் கட்டத் தொடங்கினார். குணமாகக் கூடியவர்களை ஏற்று, ஓராண்டுக்குள் திருப்பி அனுப்புவது அதன் கருத்து. அது 1885-இல் திறக்கப்பட்டது.

மனைவியார் 1875-இல் காலமானார். அவர் நினைவாகப் பெண்களுக்கு ஒரு கல்லூரி அமைக்க ஹாலோவே உறுதி கொண்டார். அந்நாளில் இது சிறிய எண்ணம் அன்று. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க இசைந்தது 1878-இல். ஆக்ஸ்போர்டு 1920-இலும் கேம்பிரிட்ஜ் 1948-இலுமே இசைந்தன. எகாம் என்னும் ஊரில் 1879-இல் முதற்செங்கல் வைக்கப்பட்டது. பிரான்சு தேசத்துச் சாம்போர் அரண்மனையின் சாயலில், கிராஸ்லாந்து என்னும் சிற்பியின் திட்டப்படி, செங்கல்லால் ஒரு மாளிகை எழுந்தது. பயிலும் பெண் ஒவ்வொருத்திக்கும் உறங்க ஓர் அறையும் படிக்க ஓர் அறையும் என்று இரண்டிரண்டு அறைகள் வகுக்கப்பட்டன. எந்தச் சமயப் பிரிவும் அங்கு மேலாதிக்கம் கொள்ளலாகாது என்றும் விதித்தார். கல்லூரியின் சுவர்களை அணிசெய்ய 1881 முதல் 1883 வரை 77 ஓவியங்களைச் சுமார் 84,000 பவுனுக்கு வாங்கினார்.

1883 டிசம்பர் 26-ஆம் நாள் ஹாலோவே காலமானார். சன்னிங்ஹில் தேவாலயத்து இடுகாட்டில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். தம் இரு கட்டடங்களும் திறக்கப்பட்டதை அவர் காணவில்லை. 1886 ஜூன் 30-ஆம் நாள் விக்டோரியா மகாராணியாரே வந்து கல்லூரியைத் திறந்து வைத்தார். அடுத்த ஆண்டில் 28 மாணவியரோடு அது நடக்கத் தொடங்கியது. 1900-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. 1965-இல் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். ராயல் ஹாலோவே என்னும் பெயரில் இன்றும் நிலைபெற்றிருக்கிறது. மனநல இல்லமோ 1980-களின் தொடக்கத்தில் மூடப்பட்டுப் பிற்காலத்தில் குடியிருப்பாக மாறியது.

கொடையை எண்ணிப் பார்த்தல்

இக்கொடை பெரிது என்பதில் ஐயமில்லை. செல்வம் சேர்த்தவர்கள் பலர் குதிரைக்கும் சூதுக்கும் இறைத்துப் போயினர். இவர் கல்விக்கும் மனநோய்க்கும் ஈந்தார். அக்கல்லூரியில் அறிவு பெற்ற பெண்களின் வாழ்வு உண்மை. அதனை மாத்திரையின் குற்றம் காட்டி அழித்துவிட முடியாது.

ஆயினும் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். டப்பிக்கு ஒரு ஷில்லிங்கும் ஒன்றரைப் பென்னியும் கொடுத்தவர்கள் ஒரு கினிக்கு வழியற்றவர்கள். ஆலையிலும் சுரங்கத்திலும் பாய்மரக் கப்பலிலும் உழைத்தவர்கள். கல்லூரியோ நடுத்தர, மேல்நடுத்தர வகுப்புப் பெண்களுக்கென்றே நிறுவனப் பத்திரத்தில் வரையப்பட்டது. மனநல இல்லமும் நடுத்தர வகுப்பாருக்கே. ஏழைகளிடமிருந்து திரண்ட பொருள் ஏழைகளின் தலைக்கு மேலாகச் சென்று வேறு வாயிலில் பொழிந்தது. கட்டணம் தர இயலாதோர்க்கு அக்கல்லூரி கடினமாகவே இருந்தது. 1890-களின் தொடக்கத்தில் அங்குப் பயின்ற எமிலி வைல்டிங் டேவிசன் என்னும் நங்கை, தந்தை இறந்தபின் கட்டணம் செலுத்த வகையின்றி விலகி, வீட்டு ஆசிரியையாகப் பிழைத்தார். பின்னாளில் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடி 1913-இல் உயிர் நீத்தவர் அவரே.

ஹாலோவே வாங்கிய ஓவியங்களுள் லூக் பில்ட்ஸ் 1874-இல் தீட்டியது ஒன்று உண்டு. குளிர்கால இரவில், ஓரிரவு தங்குவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டிக் காவல் நிலையத்தின் முன்னே வரிசையாய் நிற்கும் ஏழைகளின் கோலம் அது. கைக்குழந்தையோடு தாய், நொண்டிய கிழவர், வேலையற்ற தொழிலாளி. மாத்திரை டப்பிகளை வாங்கியவர்கள் இவர்களையொத்தவர்களே. அம்மாளிகையின் உண்மைக் கொடையாளர்களுக்கு அதில் கிடைத்த இடம் சுவரில் மாட்டிய அந்த ஓவியம் ஒன்றுதான்.

பௌத்த அறம் தானத்தைப் புகழ்கிறது. ஆனால் பொருள் வந்த வழியைக் கேளாமல் புகழ்வதில்லை. எண்வகை நெறியுள் நல்வாக்கும் நற்றொழிலும் ஆகிய இரண்டும் வைக்கப்பட்டிருப்பது காரணமின்றி அன்று. தொழில் நடப்பது வாக்கினால். வாக்குக் கெட்டால் தொழில் கெடும். பின்னர்ச் செய்யும் தானம் நல்லதாகவே இருந்தாலும் கெட்ட வாக்கைச் செப்பம் செய்யாது. தானமும் நிற்கும், பொய்யும் நிற்கும், இரண்டும் வெவ்வேறு கணக்கு. இதுவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு நாம் காணும் விடை.

ஹாலோவே செய்திருக்கக் கூடியது ஒன்றுண்டு. டப்பிக்குள் இருப்பவை இன்னின்ன என்று மேலே அச்சிட்டிருக்கலாம். அவ்வொரு வரிக்கு 50,000 பவுன் வேண்டியதில்லை, செலவே இல்லை. அதனை அவரும் செய்யவில்லை. அவர் காலத்துப் பிறரும் செய்யவில்லை. 1909-இல் பிரிட்டிஷ் வைத்தியர் சங்கம் இரகசிய மருந்துகளைப் பகுத்து ஒரு நூல் வெளியிட்டது. ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னிக்கு விற்ற பீச்சம் மாத்திரை டப்பி ஒன்றில் அடங்கிய சரக்கின் விலை அரைப் பார்த்திங் அளவே, அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கே என்று அது காட்டியது. ஹாலோவேயின் தொழிலும் 1930-இல் அந்தப் பீச்சம் நிறுவனத்திடமே சென்று சேர்ந்தது. மருந்தில் உள்ளதை வெளியிட வேண்டும் என்ற சட்டம் இங்கிலாந்தில் வந்தது 1941-இல். அதனோடு பழைய முத்திரை வரியும் ஒழிந்தது. இந்தியாவில் தீராத நோய்களைத் தீர்ப்பதாகச் செய்யும் விளம்பரங்களைத் தடுக்க 1954-இல் சட்டம் இயற்றப்பட்டது.

சட்டம் காவல்தான், ஆனால் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் அது வந்து நில்லாது. ஆகையால் மருந்தென்று ஒன்றை எவர் நீட்டினாலும் மூன்று வினாக்களைக் கேட்பது நன்று. இதில் இருப்பவை யாவை? இது எந்த நோய்க்கு? இது பயன்படாமற் போனவர்கள் எங்கே? முதல் வினாவிற்கு இரகசியம் என்றும், இரண்டாவதற்கு எல்லா நோய்க்கும் என்றும், மூன்றாவதற்கு மௌனமும் விடையாக வருமாயின், காசை முடிச்சிலேயே வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்து செல்வதே அறிவுடைமை. நோயுற்றவர் அருகில் இருப்போர் அவருக்குச் செய்யத்தக்க முதல் உதவியும் அந்த வழியில் அவருடன் துணையாக நடந்து செல்வதேயாகும்.